வெட்டு: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு கடுஞ்சொல்லின் நேர்ப்பொருளும் உருவகப் பொருளும்

மாரி மழை விடாமல் கொட்டி மட்டக்களப்பு வாவியில் நீர் ஏறிவிட்டால், கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் ஒரே கேள்விதான் கேட்கும்: 'ஆத்துவாய் எப்ப வெட்டுறாங்க?' மழை ஓய்ந்து தை பிறந்ததும் அதே வாய்கள் வேறொன்றைக் கேட்கும்: 'வேளாண்மை வெட்டியாச்சா?' பரீட்சை முடிவுகள் வரும் காலத்தில் வீடுகளில் 'வெட்டுப்புள்ளி எவ்வளவு?' என்பதே பேச்சு. கோயில் வரலாறு பேசுகிறவர் 'கல்வெட்டில் இருக்கிறது' என்பார். வீட்டில் தீராத நோய் வந்தால் 'சூனியம் வெட்ட வேணும்' என்று சொல்லும் முதியவர் இன்றும் உண்டு. இதே சொல் வாளுக்கும் கோடரிக்கும் உரியது, கொலைக்கும் உரியது.

தமிழின் கடுமையான வினைகளில் ஒன்றான 'வெட்டு' இத்தனை வேலைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதன் உருவகப் பொருள்கள் கொலைக் கருவியிலிருந்து பிறந்தவையா, உழைப்புக் கருவியிலிருந்து பிறந்தவையா? சொல்லின் கடுமை எந்த இடத்தில் தணிகிறது, எந்த இடத்தில் கூடுகிறது? மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களின் வழக்கை வைத்து இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அகராதிகளும் பேச்சு வழக்கும்

யாழ்ப்பாணத்து மிஷனரிமார் தொடங்கிய சொற்சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1862இல் சென்னையில் வெளிவந்தது வின்சுலோவின் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அகராதிகளின் வழி பொதுவாக ஒன்றே. கத்தியாலோ வாளாலோ துண்டித்தலை முதலில் நிறுத்தி, தோண்டல், பொறித்தல், மறுத்துப் பேசல் முதலியவற்றைப் பின்னால் அடுக்கும். இந்த அடுக்கைப் படிப்பவர், ஆயுதப் பொருளே மூலம், மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை என்று எண்ணக்கூடும்.

வாவிக்கரையின் பேச்சு இந்த வரிசையை ஏற்பதில்லை. மண்ணை வெட்டுவதும் கதிரை வெட்டுவதுமே இங்கே அன்றாடம். அந்த மண்ணை வெட்டும் கருவியின் பெயரிலேயே வினை உட்கார்ந்திருக்கிறது: மண்வெட்டி. செக் அறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்கு என்று கணித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்த மண்ணின் சொல்வளத்தையும் வழக்காறுகளையும் திரட்டிவைத்தது. ஆனால் ஒரு தனி வினையை எடுத்து, அதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்தப் பருவத்தில் சொல்கிறார் என்று தொடர்ந்து பார்க்கும் வேலை இன்னும் நிறையவே இருக்கிறது. பொருள் பட்டியலிலிருந்து மட்டும் விளங்கிவிடாது. அது வாழும் வாக்கியத்தையும் பார்க்க வேண்டும்.

2. ஆற்றுவாய் வெட்டுதல்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஊரார் அதை 'ஆறு' என்றே சொல்வர். கடலோடு அது கலக்கும் வாய்கள் இரண்டு. ஒன்று நகரத்தை அண்டிய பாலமீன்மடுப் பக்கம் உள்ள முகத்துவாரம்; மற்றது தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம். வெயில் காலத்தில் கடலலை மணலை ஒதுக்கி வாயை மூடிவிடும். வாடைக் காற்றோடு மழை தொடங்கி, படுவான்கரைக் காடுகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் வெள்ளம் இறங்கும்போது, மூடிய வாயின் பின்னால் நீர் தேங்கி வயலிலும் வளவிலும் ஏறும்.

அப்போதுதான் வெட்டுகிறார்கள். முன்னர் மண்வெட்டியே கருவி. இப்போது பெக்கோ இயந்திரம் வருகிறது. மணல்திட்டின் குறுக்கே முதலில் ஒடுங்கிய ஒரு வாய்க்கால் இழுப்பர். கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கடைசிக் கரையை உடைப்பர். அதுவரைதான் மனித வேலை. வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மீதியைச் செய்யும். பாயும் நீர் இருபக்கத்து மணலையும் அரித்துச் செல்ல, ஒரு ஆள் தாண்டக்கூடிய வாய்க்கால் சில மணித்தியாலங்களில் தோணியாலும் கடக்க முடியாத அகலத்துக்கு விரியும். வெட்டுபவர் தொடங்கி வைக்கலாம். இடையில் நிறுத்த முடியாது. அதனால்தான் எப்போது வெட்டுவது என்பது இவ்வளவு பெரிய கேள்வியாகிறது.

'ஆத்துவாய வெட்டாம தண்ணி வடியாது மனே' என்று படுவான்கரை விவசாயி சொல்லும்போது அதில் கெஞ்சல் இருக்கிறது; கடுமை இல்லை. அவருக்கு வெட்டு என்பது திறப்பு, விடுதலை. இறால் பிடிப்பவருக்கு அதே வெட்டு இருமுனை உடையது. வாய் திறந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு வாவிக்குள் நுழையும். காலம் தப்பித் திறந்தால் வாவியில் வளர்ந்த இறால் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும். இருவருக்கும் வயிற்றுப்பாடுதான், இருவர் சொல்வதும் நியாயம்தான். ஒருவருக்கு வரவாகும் வெட்டு இன்னொருவருக்குச் செலவாகலாம் என்பதை இந்தக் கரை நெடுங்காலமாக அறியும்.

கேரளக் கடற்கரையில் இதே வேலைக்குப் 'பொழி முறித்தல்' என்று பெயர். தோட்டப்பள்ளியில் பொழி முறித்தால் குட்டநாட்டு வயல்களின் வெள்ளம் இறங்கும். அங்கும் விவசாயியின் கணக்கு ஒன்று, மீனவரின் கணக்கு வேறொன்று. ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் புதிய கடல்வாய் ஒன்று வெட்டப்பட்டது. உவர்த்தன்மை மீண்டது, மீன்பிடி பெருகியது. அழிவின் விளிம்பிலிருந்த ஈரநிலங்களின் பட்டியலிலிருந்து 2002இல் அந்த ஏரி நீக்கப்பட்டது. நீரியலாளர், மீனவர், விவசாயி மூவரையும் உட்கார வைத்துப் பேசி வெட்டினால் வெட்டு வாழவைக்கும் என்பதற்குச் சிலிக்கா நல்ல சான்று.

3. வேளாண்மை வெட்டு

தமிழ்நாட்டில் நெல்லை 'அறுப்பர்'. யாழ்ப்பாணத்தில் 'அருவி வெட்டு' என்பர். மட்டக்களப்பில் 'வேளாண்மை வெட்டு'. இங்கே வேளாண்மை என்பது தொழிலின் பெயர் மட்டுமல்ல, வயலில் நிற்கும் நெற்பயிரின் பெயரும் அதுவே. சங்க நூல்களில் நெல் அறுப்போர் அரிநர் எனப்பட்டனர். அந்த 'அரி' என்ற பழைய வினையின் எச்சம் யாழ்ப்பாணத்து அரிவியில், அதாவது அருவியில், தங்கியிருக்கிறது. மட்டக்களப்பு வழக்கு அதை விட்டுவிட்டு 'வெட்டு' ஒன்றையே வைத்துக்கொண்டது.

வயலில் இந்த வினையைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. வெட்டுபவர் வெட்டுக்காரர். அவர் கைக்கருவி தாக்கத்தி. வெட்டிய கதிரைப் பிடிபிடியாக வைப்பது உப்பட்டி. உப்பட்டிகளைக் கட்டிக் கொண்டுவந்து அடுக்குவது சூடு வைத்தல். சூட்டை மிதித்து நெல் பிரிக்கும் களத்துக்குக் களவெட்டி என்று பெயர். நிலத்துக்குரியவர் போடியார், நீர் முறையைப் பார்ப்பவர் வட்டவிதானை. இவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் பெயரும் முறையும் சொல்லி அழைக்கிற உலகம் அது. யார் வெட்டினார், யாருடைய வயலில் வெட்டினார், கூலி நெல்லா காசா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும்.

களவெட்டியில் வாய்க்குக் கட்டுப்பாடு உண்டு. குறைவையும் கேட்டையும் குறிக்கும் சொற்களை அங்கே பேசமாட்டார்கள். அன்றாடப் பெயர்களை விலக்கி, களத்துக்கென்றே வேறு பெயர்களைப் புழங்குவர். 'பொலி' என்று சொல்லித்தான் நெல்லைக் கூட்டுவர். மாடு வளைக்கும்போது பாடுவதும் பொலிப்பாட்டு. சொல்லுக்கு விளைச்சலைக் கூட்டவும் குறைக்கவும் வல்லமை உண்டென்று நம்பிய மக்கள், களத்தின் பெயரிலேயே 'வெட்டு' ஒலிப்பதைக் குறையாக எண்ணவில்லை. உழவர் காதுக்கு இச்சொல் அமங்கலமாக இருந்ததில்லை என்று இதைக் கொண்டு துணியலாம்.

ஆற்றுவாய் வெட்டும் வேளாண்மை வெட்டும் ஒரே மாதத்தில் மோதும் ஆண்டுகளும் உண்டு. 2011 சனவரியில் கிழக்கு மாகாணத்தை மையமாகக் கொண்டு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்த வெள்ளம், பெரும்போக நெல் கதிர் முற்றும் வேளையில் வந்தது. ஆற்றுவாயை வெட்டி நீரை வடித்தாலொழிய வேளாண்மையை வெட்ட வழியில்லை. ஒரு வெட்டு பிந்தினால் மற்ற வெட்டே இல்லாமல் போகும் என்பதை அந்தத் தைப்பொங்கல் காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டு அறிந்தன.

இன்று வயலில் தாக்கத்தி அருகிவிட்டது. வெட்டு மெசின் காலையில் இறங்கினால் மாலைக்குள் நெல் மூட்டையாகிவிடுகிறது. உப்பட்டி, சூடு, களவெட்டி என்பவற்றை வயலில் கண்டிராத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வினை நிலைத்திருக்கிறது, அதைச் சூழ்ந்திருந்த சொற்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

4. காடு வெட்டுதல்

காடு வெட்டிக் கழனியாக்கியது எல்லா ஊர்களின் தொடக்கக் கதையும்தான். கிணறு, குளம், வாய்க்கால் எல்லாம் 'வெட்டியவை'. தஞ்சைச் சமவெளியில் ஓர் ஆற்றின் பெயரே வெட்டாறு. இந்த வரிசையில் வெட்டு என்பது குடியேற்றத்தின் வினை, பெருமையோடு சொல்லப்படுவது.

மட்டக்களப்பு மரபு இந்தப் பெருமைக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலக்கதைப்படி, திடகன் என்ற வேடன் காட்டில் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது அதிலிருந்து குருதி பெருகியது. அவன் பதறித் தன் ஆடையால் அந்த இடத்தைச் சுற்றிக் கட்டினான். அங்கேதான் இலிங்கம் வெளிப்பட்டது. வெட்டிய கையே காயத்தைக் கட்டுகிறது என்பது கதையின் உயிர்நிலை. வெட்டுகிறவன் தன் வெட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நீதியை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் காடு வெட்டு வேறு அளவுக்குப் போனது. தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை மறித்துப் பெருந்திட்டம் 1949இல் தொடங்கியது. அதுவரை இல்லாத வேகத்தில் காடு வெட்டப்பட்டுக் குடியேற்றங்கள் எழுந்தன. 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமானது. வரைபடத்தின் மேல் விழுந்த அந்தக் கோட்டைப் பலர் இன்றும் வெட்டாகவே நினைவுகொள்கின்றனர். யாருடைய கழனிக்காக எந்தக் காடு வெட்டப்படுகிறது, வெட்டுமுன் யாரிடம் கேட்கப்பட்டது என்ற கேள்விகள் அக்காலத்தில் எழுந்தன, இன்னும் தீரவில்லை.

5. ஓலையில் ஒரு கல்வெட்டு

உருவகப் பொருள் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்குக் கிழக்கிலங்கையின் 'கல்வெட்டு' நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் கல்வெட்டு என்றால் கல்லில் பொறித்தது. இங்கே அது ஏட்டில் எழுதிய நூலையும் குறிக்கும். திருகோணமலையின் 'கோணேசர் கல்வெட்டு' அவ்வகை நூல். மட்டக்களப்பில் குடிவரலாற்றையும் கோயில் உரிமையையும் சொல்லும் ஏட்டுச் சுவடிகள் கல்வெட்டு என்றே வழங்கப்பட்டன. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' போன்ற தொகுப்புகள் இவ்வகை ஏட்டு மரபிலிருந்து வந்தவை.

கல்லும் உளியும் போய்விட்டன, 'வெட்டு' நின்றுவிட்டது. இங்கே வெட்டு என்றால் அழியாமல் நிறுத்துதல், பின்னர் யாரும் மாற்றக்கூடாது என்று உறுதிசெய்தல். எந்தக் குடிக்கு எந்த உரிமை, எந்த ஊருக்கு எந்தத் திருவிழா என்பதை நிலைநாட்டும் பத்திரத்துக்கு இதைவிட வலுவான பெயர் கிடைத்திருக்காது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் உறவினர் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு நூலுக்கும் ஈழத்தில் கல்வெட்டு என்றுதான் பெயர். வாழ்ந்தவரின் பெயரும் குடும்பமும் காலமும் அதில் பதிகின்றன. அழிக்கும் வினை, அழியாமையைக் குறிக்கும் சொல்லுக்கு அடியாக நிற்கிறது. அகராதிகள் ஆயுதப் பொருளை முதலில் வைப்பதற்கு இது ஒரு நேர்மறுப்பு.

6. சூனியமும் தேசிக்காயும்

மட்டக்களப்பாருக்கு மந்திரத்தில் பேர் உண்டு. வந்தவரைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் பேச்சும் பழையது. அந்த ஒட்டுக்கு மாற்று வெட்டு. பிறர் வைத்ததாக நம்பப்படும் தீவினையைப் போக்குவது சூனியம் வெட்டுதல். அதில் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வெட்டுவது முக்கிய சடங்கு. நோயாளியின் உடலில் கத்தி படுவதில்லை. காய் பிளக்கும்போது கட்டு அறுந்தது என்பது நம்பிக்கை. வெட்டுக்கு இங்கே தீர்வு, மீட்பு என்று பொருள்.

சிங்கள மக்களிடமும் இதே வழக்கு இருக்கிறது. 'கபனவா' என்ற சிங்கள வினைக்கு வெட்டுதல் என்று பொருள். நெல் அறுப்பது 'கொயம் கபனவா', தேசிக்காய் வெட்டும் சடங்கு 'தெஹி கபனவா', கடல்வாய் திறப்பது 'மோய கபனவா'. வேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த சிங்களம், தமிழ் வெட்டு செல்லும் வயலுக்கும் ஆற்றுவாய்க்கும் சடங்குக்கும் தன் வினையைத் தானும் கொண்டுபோயிருக்கிறது. எந்த மொழி எதனிடம் பெற்றது என்று தேடுவதைவிட, ஒரே மழையிலும் ஒரே வயலிலும் ஒரே அச்சத்திலும் வாழ்ந்த மக்கள் ஒரே வழியில் பொருள் வளர்த்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். உருவகம் உழைப்பின் வழியே பரவுகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

7. வாதம், விளையாட்டு, பாடம்

'ஒட்டியும் வெட்டியும்' பேசுவது விவாத மேடை மரபு. வெட்டிப் பேசுபவர் பகைவர் அல்லர். மேடையைவிட்டு இறங்கியதும் ஒன்றாகத் தேநீர் குடிப்பர். தாயத்தில் எதிரியின் காயை வெட்டுவது, முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் துரும்பு போட்டு வெட்டுவது எல்லாம் ஒப்புக்கொண்ட விதிக்குள் நடப்பவை. கணித பாடத்தில் இரு தொடைகளுக்குப் பொதுவானது இடைவெட்டு. வெட்டு என்ற சொல் பொதுமையைக் குறிக்கும் அரிய இடம் அது.

வீட்டுப் பேச்சில் சற்றுக் கூர்மை ஏறும். 'வெட்டொண்டு துண்டு ரெண்டு' எனப் பேசுபவரை ஊர் மதிக்கும், கொஞ்சம் அஞ்சவும் செய்யும். முகத்தை வெட்டிக்கொண்டு போனால் உறவில் கசப்பு. ஆனாலும் யார் யாரிடம் முகம் திருப்பினார் என்பது தெரியும். நாளை ஒரு நன்மை தின்மையில் அதைச் சீர்செய்யவும் வழி இருக்கும்.

8. அலுவலகத்து வெட்டு

கந்தோர் வாசலைத் தாண்டியதும் சொல்லின் இலக்கணமே மாறுகிறது. வயலில் அது பெரும்பாலும் வினை. அதற்கு எழுவாய் உண்டு. அலுவலகத்தில் அது பெயர்ச்சொல்லாகிவிடுகிறது: மின்வெட்டு, சம்பள வெட்டு, வெட்டுப்புள்ளி. அல்லது செயப்பாட்டு வினையாகிறது: பெயர் வெட்டப்பட்டது, கொடுப்பனவு வெட்டப்பட்டது. இரண்டு வடிவத்திலும் வெட்டியவர் காணாமல் போகிறார்.

பல்கலைக்கழகம் புகக் குறைந்தது எவ்வளவு புள்ளி வேண்டும் என்று காட்டும் வெட்டுப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வரை கல்வி வசதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்பட்டு வந்தது. பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டிய 1970களின் தரப்படுத்தல் தமிழ் இளைஞரிடையே மூட்டிய கோபம் நாடறிந்தது. அதே காலத்தில் வந்த மாவட்ட முறையால் வாய்ப்புப் பெற்றோர் கிழக்கிலும் வன்னியிலும் உண்டு. ஆகவே இந்த வெட்டும் ஆற்றுவாய் வெட்டைப் போல இருமுனை உடையதுதான். வித்தியாசம் ஒன்று. ஆற்றுவாயில் யார் நின்று வெட்டினார் என்று கண்ணால் காணலாம். புள்ளி எங்கே வெட்டப்படுகிறது, ஏன் அங்கே என்பதைப் படுவான்கரை மாணவிக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அவளிடம் வருவது ஒரு எண் மட்டும்.

மின்வெட்டும் அப்படித்தான். 2022 மார்ச் 31இல் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. பத்திரிகைகள் 'மின்வெட்டு அமுலில்' என எழுதின. எரிபொருள் வாங்கக் காசில்லாத நிலைக்கு நாட்டைக் கொண்டுபோன முடிவுகளை யார் எடுத்தார் என்ற கேள்விக்கு அந்தச் சொற்றொடரில் இடமில்லை. மழையும் வெயிலும் தாமாக வருவதுபோல மின்வெட்டும் தானாக வந்துவிட்டது என்ற தோற்றத்தை அது தந்தது.

9. 1990

இச்சொல்லை ஆராயும் எவரும் அதன் நேர்ப்பொருளைத் தாண்டிப் போய்விடக் கூடாது. 1990ஆம் ஆண்டின் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இந்த வாவிக்கரையில் அது மனித உடலின் மேல் நடந்தது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த வாரத்தில் புலிகள் ஏறாவூரில் முஸ்லிம்களின் வீடுகளுக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் சுட்டும் வெட்டியும் கொன்றனர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டான், கொக்குவில், பிள்ளையாரடி, பனிச்சையடிப் பகுதிகளைச் சேர்ந்த தமிழர்கள் இராணுவத்தினரால் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வெட்டியும் சுட்டும் எரித்தும் கொல்லப்பட்டனர். கைக்குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். பின்னர் விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 184 பேர் கொல்லப்பட்டதாகக் கண்டது. பொறுப்பானவர்கள் எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

இங்கே 'வெட்டப்பட்டனர்' என்று மட்டும் எழுதுவது போதாது. இரு சமூகத்து நினைவிடங்களிலும் கொல்லப்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. கொன்றோரின் பெயர்கள் தீர்ப்பில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. ஓலைச்சுவடியில் குடிகளின் உரிமையைப் பதிந்து அதற்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்த மண்ணில், இந்தக் கொலைகளின் பொறுப்பு எந்த ஏட்டிலும் தீர்ப்பாகப் பதியவில்லை. ஒரு தலைமுறைக்கு இந்த வினையின் முதற்பொருள் அந்த இரவுகளில் மாறிப்போனது. அவர்கள் பின்னரும் வேளாண்மை வெட்டினார்கள், ஆற்றுவாய் வெட்டினார்கள். சொல்லை விட்டுவிட முடியாது. அதன் மேல் படிந்ததை மறக்கவும் முடியாது.

10. தொகுப்பும் முடிவும்

மேலே கண்டவற்றைத் திரட்டிப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, வாவிக்கரை வழக்கில் 'வெட்டு' என்பதன் உருவகப் பொருள்களில் பெரும்பாலானவை மண்வெட்டியிலிருந்தும் தாக்கத்தியிலிருந்தும் உளியிலிருந்தும் வந்தவை. திறத்தல், விளைவெடுத்தல், நிலைநிறுத்தல், மீட்டல் என்பவையே அவை. ஆயுதப் பொருளைத் தலையில் வைக்கும் அகராதி வரிசை இந்த மண்ணுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, எந்த வெட்டிலும் பெறுபவரும் இழப்பவரும் உண்டு. ஆற்றுவாயில் விவசாயியும் மீனவரும், புள்ளியில் ஒரு மாவட்டமும் மற்றொரு மாவட்டமும், காட்டில் வருகிறவரும் முன்னிருந்தவரும் எனப் பட்டியல் நீளும். நியாயம் என்பது வெட்டாமல் இருப்பதால் வருவதில்லை. இருசாராரையும் கேட்டு வெட்டுவதால் வருகிறது.

மூன்றாவது, இந்தச் சொல்லின் கொடுமை வினையில் இல்லை, எழுவாய் மறைவதில் இருக்கிறது. வெட்டுக்காரர் கண்முன் நிற்கும் வயலில் அது மங்கலச் சொல். வெட்டியவர் மறையும் அலுவலகத்தில் அது திகைப்பூட்டும் சொல். கொலையாளி மறையும் இடத்தில் அது ஆறாத புண்.

ஆகவே செய்ய வேண்டியவையும் தெளிவாக இருக்கின்றன. ஆற்றுவாய் வெட்டும் ஒவ்வொரு முறையும் மாவட்டச் செயலகம் ஒரு அறிவித்தலை வெளியிட வேண்டும். வாவி நீர்மட்டம் என்ன, எந்தெந்த விவசாய, மீனவர் சங்கங்களிடம் கேட்கப்பட்டது, முடிவெடுத்த அதிகாரி யார் என்பவை அதில் இருக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவருக்கு என்ன ஈடு என்பதும் சேர வேண்டும். ஆசிரியர்கள் வெட்டுப்புள்ளி என்ற எண்ணுக்குப் பின்னுள்ள கணக்கை மாணவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். பத்திரிகையாளர் 'வெட்டப்பட்டது' என்று எழுத நேர்ந்தால், யாரால் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். 1990இன் படுகொலைகளைப் பற்றிய விசாரணை முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளிவந்து, வழக்குகளாக வேண்டும்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாக்கத்தி பிடித்து வெட்டியவர்களும் களவெட்டியில் பொலி பாடியவர்களும் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் வவுணதீவிலும் அவர்கள் இன்னும் பேசக் காத்திருக்கிறார்கள். அடுத்த வேளாண்மை வெட்டுக்கு முன் அவர்களிடம் போங்கள். தனிச்சொற்களாக அல்ல, முழு வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்த வயல் வட்டையில் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.